கியரைக் கழற்றிய எம்டிபிக்கு எந்தச் செயின் டென்ஷனர்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்திருக்கும் பழைய எம்டிபியை, அதாவது மலைப்பாதைக் கியர் சைக்கிளை, வெளியே இழுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பிரேம் நன்றாக இருக்கும், சக்கரமும் நன்றாக இருக்கும். கெட்டுப்போயிருப்பது கியர் மாற்றும் ஷிஃப்டரும் கேபிளும்தான். புதுக் கியர் செட்டுக்குச் செலவு செய்வதைவிட ஒரே கியராக மாற்றிவிடலாமே என்று தோன்றும். தாராளமாக மாற்றலாம். ஆனால் செயினின் தொய்வை இதுவரை இழுத்துப் பிடித்திருந்தது டெரைலர் எனப்படும் பின்கியர் கைதான். அதைக் கழற்றியதும் செயின் தொங்கும். அந்தத் தொய்வை எதைக் கொண்டு எடுப்பது என்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

அந்தத் தொய்வை எடுக்கும் கருவியான டென்ஷனரை வாங்குவதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் வாங்கிவிட்டு, பல் எண்ணிக்கையையும் செயினையும் பிறகு யோசிப்பவர்களுக்குத்தான் ஏற்றத்தில் செயின் நழுவுகிறது.

டென்ஷனரே வேண்டுமா?

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சக்கர ஆக்ஸில் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். இதை டிராப்அவுட் என்பார்கள். பள்ளம் நேர் செங்குத்தாக இருந்து, ஆக்ஸில் ஒரே இடத்தில்தான் உட்காரும் என்றால் உங்களுக்கு டென்ஷனர் வேண்டும். பள்ளம் நீளவாட்டில் இருந்து, ஆக்ஸிலை முன்னும் பின்னும் ஒரு சென்டிமீட்டராவது நகர்த்த முடியுமென்றால் வேண்டியதில்லை. சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை இறுக்கினால் செயின் நிமிர்ந்துவிடும். சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிளில் செயின் அட்ஜஸ்டரைத் திருகிச் செய்வதும் இதையேதான்.

குறைந்த விலை எம்டிபிகள் சிலவற்றில் டெரைலர் பிரேமில் நேரடியாகப் பூட்டப்பட்டிருக்காது. ஆக்ஸில் நட்டோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு தகட்டு பிராக்கெட்டில் தொங்கும். அப்படிப்பட்ட பிரேம்களில் பள்ளம் சற்றே நீளமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு ஆக்ஸில் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். போதுமான அளவு நகர்ந்தால் டென்ஷனர் காசு மிச்சம். டிஸ்க் பிரேக் வண்டியானால் ஆக்ஸிலை நகர்த்தும்போது டிஸ்க்கும் நகரும். டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரைத் தளர்த்தி மீண்டும் நேர்செய்ய வேண்டியிருக்கும். வி-பிரேக்கானால் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் ஹப் உள்ள வண்டிக்கும், மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியாகச் சுற்றவிடும் ஃப்ரீவீலே இல்லாத ஃபிக்ஸ்டு வண்டிக்கும் எந்த வகை டென்ஷனரும் கூடாது. பின்னோக்கி அழுத்தும்போது மொத்த விசையும் செயினின் கீழ்ப்பகுதியில் விழும். டென்ஷனர் மடங்கும், உடையும், பிரேக் போய்விடும். அந்த வண்டிகளுக்கு நீளப் பள்ளம் உள்ள பிரேம் மட்டுமே சரி.

பல் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்

26 அங்குலச் சக்கரத்துக்கு வழக்கமான தொடக்கம் முன்னால் 32 பல் செயின்வீல், பின்னால் 16 பல் ஸ்ப்ராக்கெட். பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி சுமார் 4.15 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர். 27.5 அங்குலச் சக்கரத்துக்கு 32:17, 29 அங்குலத்துக்கு 32:18 ஏறக்குறைய இதே பாரத்தைத் தரும்.

காட்பாடியிலிருந்து குடியாத்தம் பக்கம் போகும் சமதளச் சாலைக்கு இது போதும். பாலாற்று மணலிலோ, வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே உள்ள பாறைக் குன்றுகளின் அடிவாரத்திலோ ஓட்டப் போகிறீர்கள் என்றால் பின்னால் 18 வையுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இதிலேயே ஏற வேண்டும் என்பவர்கள் 20-க்குப் போகலாம்; கீழே இறங்கியதும் சமதளத்தில் கால் காற்றில் சுற்றும் என்பது அதற்கான விலை. பின்னால் 15-க்குக் கீழே போக வேண்டாம். சிறிய ஸ்ப்ராக்கெட்டில் செயின் பிடிக்கும் பற்கள் குறைவு, தேய்மானமும் விரைவு.

பின்னால் இருப்பது ஹப்பில் செருகி லாக்ரிங்கால் பிடிக்கும் கேசட்டா, புரியில் முறுக்கிய ஃப்ரீவீலா என்று தெரிந்துகொள்ள பற்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். நடுவில் கருவி மாட்டும் பள்ளங்களும் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அவை அசையாமல் நின்றால் புரி ஃப்ரீவீல்.

கேசட் ஹப் என்றால் வேலை எளிது. பழைய கேசட்டைக் கழற்றி, ஒரு ஒற்றை ஸ்ப்ராக்கெட்டும் இரண்டு பக்கமும் ஸ்பேசர்களும் போட்டு லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். ஸ்பேசருக்குப் பழைய கேசட்டையே பிரிக்கலாம். பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நீள ரிவெட்டின் தலையை அரத்தால் தேய்த்தால் பிரிந்துவிடும். 8 வேகக் கேசட்டின் ஸ்பேசர் 3 மி.மீ. இருக்கும், நேர்கோடு பிடிக்க அது வசதியான அளவு. ஒற்றைக் கியருக்கென்று செய்யப்பட்ட, அடிப்பகுதி அகலமான ஸ்ப்ராக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கேசட்டிலிருந்து எடுத்த மெல்லிய பல்லைத் தனியாகப் போட்டால் அது அலுமினிய ஹப் உடலின் வரிகளில் கத்திபோல் இறங்கிவிடும். அதோடு, கேசட் பற்களில் செயின் எளிதாக ஏறி இறங்கச் சாய்வு வெட்டியிருக்கும். கியர் மாற்ற உதவும் அந்த வெட்டு, ஒற்றைக் கியரில் செயின் கழல உதவும். முன் செயின்வீலுக்கும் இது பொருந்தும்.

புரி ஃப்ரீவீல் என்றால் இரண்டு வழி. ஒன்று, இருக்கும் பல கியர் ஃப்ரீவீலை அப்படியே விட்டு, நடுவிலுள்ள 18 அல்லது 20 பல்லில் மட்டும் செயினை ஓடவிடுவது. அழகாக இருக்காது, செலவு இல்லை. ஒற்றைக் கியர் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. இன்னொன்று, ஒற்றை ஃப்ரீவீல் முறுக்குவது. புரி அளவு பொதுவாக 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. வாங்கும் முன் கையாலேயே இரண்டு மூன்று சுற்று முறுக்கிப் பாருங்கள். முரண்டு பிடித்தால் அது வேறு புரி, விட்டுவிடுங்கள். பல கியர் ஹப்பில் ஒற்றை ஃப்ரீவீல் ஸ்போக்குகளுக்கு அருகே மிகவும் உள்ளே தள்ளி உட்காரும். ஆக்ஸிலின் வாஷர்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றி, அதற்கேற்ப ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து கோட்டம் எடுக்க வேண்டும். அதைச் சைக்கிள் கடையில் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது.

அகலம் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ரோட்ஸ்டர் ஃப்ரீவீலும் செயினும் 1/8 அங்குல அகலம். கியர் சைக்கிளின் பல் 3/32 அங்குலம். மெல்லிய பல்லில் அகலச் செயின் ஓடும். அகலப் பல்லில் மெல்லிய செயின் ஏறவே ஏறாது.

நேர்கோடு

முன் செயின்வீலும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய டென்ஷனரும் கோணல் கோட்டைச் சரிசெய்யாது. கோணலாக ஓடும் செயினை அது பல்லிலிருந்து வெளியே தள்ளும் வேலையைத்தான் விரைவாகச் செய்யும்.

அளப்பது எளிது. முன்னால், சீட் குழாயின் பக்கவாட்டிலிருந்து செயின்வீல் பல்லின் நடு வரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். பின்னால், வலப்பக்க டிராப்அவுட்டின் உள்முகத்திலிருந்து ஸ்ப்ராக்கெட்டின் நடு வரை அளந்து, ஹப் அகலத்தில் பாதியிலிருந்து கழியுங்கள். 135 மி.மீ. ஹப்பில் பாதி 67.5, ஸ்ப்ராக்கெட் 18 மி.மீ. உள்ளே இருந்தால் 49.5. மூன்று செயின்வீல் உள்ள கிராங்கின் (பெடல் கையின்) நடு இடம் பெரும்பாலும் 47.5 முதல் 50 மி.மீ. வரை இருக்கும், எனவே முன்னால் நடு இடத்தையே பயன்படுத்துங்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது, 2 வரை பொறுக்கலாம். மற்ற இரண்டு செயின்வீலையும் கழற்றியபின் பழைய போல்ட்டுகள் நீளம் அதிகமாகி இறுகாமல் நிற்கும். ஒற்றைச் செயின்வீலுக்கான குட்டைப் போல்ட்டுகள் 4 அல்லது 5 தேவைப்படும், உங்கள் கிராங்கில் செயின்வீலைப் பிடிக்கும் கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து.

தொய்வு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் இடம் இது. ஆனால் எந்த டென்ஷனர் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை 12.7 மி.மீ. உள்தகடும் வெளித்தகடும் மாறி மாறி வருவதால் செயினை இரண்டிரண்டு லிங்க்காக, அதாவது 25.4 மி.மீ. படியில்தான் குறைக்க முடியும். உங்கள் பிரேமுக்குச் சரியாக வேண்டிய நீளம் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால் மிச்சமெல்லாம் தொய்வு.

பெடல் அச்சின் நடுவிலிருந்து பின் ஆக்ஸில் நடு வரை 425 மி.மீ. உள்ள பிரேமை எடுத்துக்கொள்வோம். 32:16 போட்டால் தேவைப்படும் நீளம் சுமார் 91.1 லிங்க். 92 போட வேண்டும். மிச்சம் 11 மி.மீ. தொய்வு. 32:17 என்றால் தேவை 91.6, அதே 92 லிங்க்கில் தொய்வு 5 மி.மீ. மட்டுமே. 32:18 என்றால் தேவை 92.1, 92-ல் கோப்பது கடினம், 94 போட்டால் கிட்டத்தட்ட 24 மி.மீ. தொங்கும். ஒரே ஒரு பல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ 6.35 மி.மீ. செயின் வித்தியாசம் வருகிறது என்பதே இதன் சாரம். பாரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்னும்போது, தொய்வு குறைவாக விழும் பல்லைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

கணக்கு வேண்டாம் என்பவர்கள் செயினை நேரடியாகவே சுற்றிப் பார்க்கலாம். டென்ஷனர் இல்லாமல் முன்னும் பின்னும் சுற்றி, இரு முனைகளும் சேரக்கூடிய மிகக் குறைந்த நீளத்தில் வெட்டுங்கள். அதைவிட ஒரு கண்ணிகூட அதிகம் விட வேண்டாம். (இரட்டைப் புல்லி டென்ஷனரோ பழைய டெரைலரோ போடுபவர்களுக்கு இது பொருந்தாது; டெரைலருக்கான நீளம் கீழே அந்தப் பகுதியில் வருகிறது.) 'டென்ஷனர் இருக்கிறதே, அது இழுத்துக்கொள்ளும்' என்று நீளமாக விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

தொய்வு 13 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஹாஃப் லிங்க் என்னும் ஒற்றைக் கண்ணியைப் பயன்படுத்தி ஒரு படி குறைக்கலாம். மேலே சொன்ன 32:18-ல் 94-க்குப் பதில் 93 வரும். ஆனால் ஒரு பல் தடித்தும் அடுத்தது மெலிந்தும் வரும் நேரோ-வைடு செயின்வீல் போட்டிருந்தால் ஹாஃப் லிங்க் கூடாது. கண்ணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானதும் ஒரு சுற்று முடிந்தபின் தடித்த பல்லுக்கு நேரே குறுகிய கண்ணி வந்து நிற்கும். செயின் மேலேறிக் கழன்றுவிடும்.

டென்ஷனரே இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தும் பல் சேர்க்கை சில பிரேம்களுக்கு அமையும். அதை நம்பி இருக்க வேண்டாம். செயின் 0.5 சதவீதம் தேய்ந்தாலே 92 லிங்க்கில் 6 மி.மீ. நீண்டுவிடும். புதுச் செயினில் கச்சிதமாக இருந்தது சில மாதத்தில் பள்ளத்துக்குப் பள்ளம் கழலும்.

வகைகளும் அவற்றின் குணமும்

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் டெரைலர் ஹேங்கரில் பூட்டுபவை. ஹேங்கர் என்பது வலப்பக்க டிராப்அவுட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் காது. அதன் ஓட்டை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி.

ஒற்றைப் புல்லி, ஸ்பிரிங் வகை: சர்லி நிறுவனத்தின் சிங்கிலேட்டர் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். ஒரு கை, அதன் முனையில் செயின் உருளும் சிறு சக்கரமான ஒரு புல்லி, அடியில் ஒரு ஸ்பிரிங். இதைச் செயினை மேலே தள்ளும்படியும் பூட்டலாம், கீழே தள்ளும்படியும் பூட்டலாம். இந்தத் தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது.

16 பல் ஸ்ப்ராக்கெட்டில் செயின் இயல்பாகவே ஏழெட்டுப் பல்லைத்தான் பிடித்திருக்கும். புல்லி கீழ்ச்செயினை மேலே தள்ளினால் செயின் ஸ்ப்ராக்கெட்டை இன்னும் சற்று அதிகமாகச் சுற்றிக்கொள்ளும். ஒன்றிரண்டு பல் கூடுதலாகப் பிடிக்கும். கீழே தள்ளினால் செயின் பல்லைவிட்டுச் சீக்கிரமே விலகும். ஒன்றிரண்டு பல் குறையும். எழுந்து நின்று ஏற்றத்தில் மிதிக்கும்போது செயின் பல் தாண்டி 'டக்'கென்று நழுவுவது இந்தக் குறைவால்தான். எனவே மலைப் பாதைக்கு மேல் தள்ளும் முறையே சரி.

மேல் தள்ளும் முறைக்கும் எல்லை உண்டு. ஸ்ப்ராக்கெட்டுக்கு 6 செ.மீ. முன்னால் புல்லி இருப்பதாகக் கொண்டால், 5 மி.மீ. தொய்வை எடுக்க அது செயினைச் சுமார் 23 மி.மீ. தூக்க வேண்டும். 11 மி.மீ. தொய்வுக்கு 34 மி.மீ. முழு 25 மி.மீ. தொய்வுக்கு 5 செ.மீ.க்கு மேல். மேல்செயினுக்கும் கீழ்ச்செயினுக்கும் நடுவில் பிரேமின் செயின் ஸ்டே குழாய் ஓடுகிறது. அவ்வளவு தூக்கினால் செயின் குழாயின் அடியில் உரசும். மேலே பல் கணக்கில் மெனக்கெட்டது இதற்காகத்தான். தொய்வு 10 மி.மீ.க்குள் என்றால் மேல் தள்ளும் ஒற்றைப் புல்லி. அதற்கு மேல் என்றால் பல்லை மாற்றுங்கள், அல்லது இரட்டைப் புல்லிக்குப் போங்கள்.

இரட்டைப் புல்லி வகை: ஷிமானோவின் ஆல்ஃபைன் வரிசை டென்ஷனர் போன்றவை. செயின் இரண்டு புல்லிகளுக்கு இடையே வளைந்து போகும். நிறையத் தொய்வை விழுங்கும். பின்னால் இரண்டு அளவுப் பற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்களுக்கும் இடம் கொடுக்கும். குறை, கீழே தொங்கும் என்பது. ஜவ்வாது மலையடிவாரத்துப் பாதையில் கல்லும் முள்செடியும் முதலில் போய் மாட்டுவது இதில்தான்.

ஸ்பிரிங் இல்லாத, போல்ட்டால் இறுக்கி நிறுத்தும் வகை: சத்தம் குறைவு, உடைய ஸ்பிரிங் கிடையாது. ஆனால் செயின் தேயத் தேய நீங்களே தளர்த்தி மீண்டும் அமைக்க வேண்டும். செயின்வீல் முழு வட்டமாக இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குள்ளேயே செயின் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். ஸ்பிரிங் வகை இதற்கு ஈடுகொடுக்கும், இது கொடுக்காது.

செயின் ஸ்டே குழாயில் கிளாம்ப் போட்டுப் பிடிக்கும் உருளை வகை: விலை குறைவு. எஃகு பிரேமில் தட்டையான சாலைக்கு ஓடும். மெல்லிய அலுமினியக் குழாயில் இறுக்கினால் குழாய் நசுங்கும், இறுக்காவிட்டால் கிளாம்ப் சுழலும். ஹேங்கர் உள்ள பிரேமுக்கு இதை வாங்கக் காரணமே இல்லை.

எதை வாங்கினாலும் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீல்டு பேரிங் உள்ளது நம் பக்கத்துச் செம்மண் தூசிக்குத் தாக்குப்பிடிக்கும். வெறும் புஷ் வைத்ததும் ஓடும், அடிக்கடி கழற்றித் துடைக்கும் பொறுமை இருந்தால்.

பழைய டெரைலரையே டென்ஷனராக்குவது

கையில் ஏற்கெனவே டெரைலர் இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அதன் இரண்டு புல்லிகளையும் தாங்கும் கூண்டு குட்டையாக இருந்தால் நல்லது. ஸ்பிரிங்கில் இன்னும் விசை இருக்க வேண்டும். கூண்டை முன்னால் இழுத்து விட்டால் சுறுசுறுப்பாகத் திரும்பி வர வேண்டும்.

கேபிள் இல்லாத டெரைலர், பெரும்பாலான மாடல்களில், வெளிப்பக்கக் கடைசிச் சிறு பல்லுக்கு நேரே போய் நிற்கும். நமக்கு அது நடுவில் நிற்க வேண்டும். பழைய கியர் கேபிளின் தலை உள்ள பக்கத்தில் 10 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். டெரைலரின் பின்புறமுள்ள அட்ஜஸ்டர் திருகின் ஓட்டை வழியே அதை விட்டால் தலை அங்கேயே தடுத்து நிற்கும். இப்போது மேல் புல்லியைக் கையால் உள்ளே தள்ளி, ஸ்ப்ராக்கெட்டுக்கு நேர் கீழே வந்ததும் கேபிளை இழுத்துப் பிடித்து, கேபிள் பிடிக்கும் போல்ட்டை இறுக்குங்கள். ஒரு மில்லிமீட்டர் அப்படி இப்படி என்றால் அட்ஜஸ்டர் திருகைச் சுற்றிச் சரிசெய்யலாம். வெளியே திருகினால் புல்லி உள்பக்கம் போகும். கடைசியாக ஹை, லோ என்ற இரண்டு லிமிட் திருகுகளையும் உள்ளே திருகி, முட்டும் இடத்தில் நிறுத்துங்கள். திருகின் நீளம் போதவில்லை என்றால் விட்டுவிடுங்கள்; கேபிளே தாங்கும்.

இதற்குச் செயின் 6, 7 அல்லது 8 வேக வண்டிக்கான 3/32 அங்குலச் செயினாக இருக்கட்டும். 1/8 அங்குல ரோட்ஸ்டர் செயின் டெரைலர் கூண்டுக்குள் இரண்டு பக்கமும் உரசும். அதாவது ரோட்ஸ்டர் ஃப்ரீவீலும் பழைய டெரைலரும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. செயின் நீளம், கூண்டு நேர் கீழாகவோ சற்று முன் சாய்ந்தோ நிற்கும்படி இருந்தால் சரி. கூண்டு பின்னால் சுருண்டு போயிருந்தால் செயின் நீளம் அதிகம்.

பூட்டும் வரிசை

ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வண்டி வலப்பக்கம் ஒருமுறை விழுந்திருந்தாலே ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கலாம். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஹேங்கரும் சக்கரமும் இணையாகத் தெரிய வேண்டும். வளைந்திருந்தால் அதற்கான கேஜ் உள்ள கடையில் நிமிர்த்துங்கள். ஸ்பேனரால் வளைத்தால் அலுமினியக் காது ஒடிந்துவிடும்.

புரியில் கொஞ்சம் கிரீஸ் தடவி டென்ஷனரைக் கையால் முறுக்கிய பிறகே ஆலன் கீ வையுங்கள். பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. கீ, இறுக்கம் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். டென்ஷனரின் பின்புறமுள்ள சிறு நாக்கு அல்லது திருகு ஹேங்கரின் படியில் முட்டி நிற்க வேண்டும். அது முட்டாமல் பூட்டினால் ஸ்பிரிங் எதையும் தள்ளாது. டென்ஷனர் முழுவதுமே சுழலும்.

பிறகு புல்லியின் கோடு. சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஸ்ப்ராக்கெட்டும் புல்லியும் ஒரே கோட்டில் வரும் வரை புல்லியின் வாஷர்களை இடம் மாற்றுங்கள். செயினைக் கோத்து, கிராங்கை மெதுவாகப் பின்னோக்கி இருபது சுற்றாவது சுற்றுங்கள். சீரான மெல்லிய ஓசை வந்தால் சரி. 'கிர்ர்' என்று உராய்ந்தால் புல்லி இன்னும் கோணல். ஸ்பிரிங் இல்லாத வகையானால் கிராங்கைச் சுற்றிக்கொண்டே செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் கீழ்ச்செயின் மேலும் கீழுமாக மொத்தம் 10 முதல் 15 மி.மீ. ஆடும்படி நிறுத்துங்கள். இறுக்கி வைத்தால் ஹப் பேரிங்கும் பெடல் அச்சின் பேரிங்கும் தேயும்.

சோதனையைச் சமதளத்தில் உட்கார்ந்து மிதித்துத் தொடங்குங்கள். பிறகு முன் பிரேக்கைப் பாதி பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். நழுவவில்லை என்று உறுதியான பின்தான் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். நின்ற நிலையில் செயின் நழுவினால் முழங்கால் ஹேண்டில்பாரில் அடிக்கும், இல்லையென்றால் ஆளே முன்னால் போய் விழுவார். அமிர்திப் பக்கத்துப் பாதைகளுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். காப்புக்காட்டுக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கோளாறு வந்தால்

ஏற்றத்தில் மட்டும் நழுவுகிறது: புல்லி கீழ்நோக்கித் தள்ளுகிறதா என்று முதலில் பாருங்கள். மேல்நோக்கித்தான் தள்ளுகிறது என்றால், பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டிருக்கிறீர்களா? தேய்ந்த பல்லின் பள்ளத்தில் புதுக் கண்ணி உட்காராது. ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் அது தீராது. ஸ்ப்ராக்கெட்டை மாற்றத்தான் வேண்டும்.

மேட்டிலும் பள்ளத்திலும் குதிக்கும்போது முன்னால் கழல்கிறது: நேர்கோடு தப்பியிருக்கும், அல்லது கியர் மாற்றுவதற்கான வெட்டும் பின்னும் உள்ள பழைய செயின்வீல் இருக்கும். இதற்கு டென்ஷனரைத் திட்டிப் பயனில்லை. நேரோ-வைடு செயின்வீல் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

செயின் முழுதாக ஒருமுறை சுற்றி வரும்போதெல்லாம் 'டிக்' என்கிறது: செயினைக் கோத்த இடத்தில் ஒரு லிங்க் இறுகியிருக்கும். அந்த லிங்க்கைப் பக்கவாட்டில் இரு கையாலும் மெல்ல வளைத்தால் விடும்.

மேல் தள்ளும் புல்லியில் செயின் குழாயின் அடியில் உரசுகிறது: தொய்வு அதிகம். ஒரு பல் மாற்றிப் பாருங்கள். குழாய்க்குப் பழைய ட்யூபை வெட்டிச் சுற்றுவதும் நல்லது. ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தோல் துண்டு எளிதாகக் கிடைக்கும். ஆனால் தோல் மழை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே துரு பிடிக்க வைக்கும். ரப்பரே மேல்.

பராமரிப்பு

தூசிக் காலத்தில் செயினுக்கு ஆயில் மிகக் குறைவாக இருக்கட்டும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே தெரிவதையெல்லாம் துணியால் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகி, மணலை ஒட்டிக்கொள்ளும். பைக் கடையில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலில் உலோகத் தூள் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம். பாலாற்று மணலில் ஓட்டிய அன்றே புல்லியைத் துடையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை புல்லியைக் கழற்றி, புஷ்ஷைத் துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள். டென்ஷனரின் ஸ்பிரிங் இருக்கும் மூட்டிலும் ஒரு சொட்டு ஆயில் விடலாம். அங்கே மண் இறுகினால் கை அசையாமல் நின்றுவிடும்.

செயின் தேய்மானத்தைச் சாதாரண ஸ்கேலாலேயே அளக்கலாம். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 24 லிங்க் தள்ளியுள்ள பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் புதுச் செயின் வாங்குங்கள். 1/8 அங்குலம் தாண்டும் வரை விட்டால் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.